மார்ஜியின் இரண்டு மாமிமார்

எங்கள் வரவேற்பறையில் ஒரு வெள்ளைக்காரர் மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆறடிக்கு மேல் உயரம். காலில் சாம்பல் நிறக் காலுறை. நெற்றியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். தலைமயிரில் பன்னீர்த் துளிகள் இன்னும் காயவில்லை. கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

தட்டுக் காலியானது. என் மச்சாள் ஓடிவந்து இன்னும் இரண்டு ரோல்ஸை வைத்தார். மனிதர் அவற்றை ஒரு கணம் பார்த்தார். பிறகு "தாக்" என்றார். டெனிஷில் நன்றி. மறுபடியும் சாப்பிடத் தொடங்கினார்.

அவர் யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். தாங்கள் வந்திருப்பது யாருடைய வீடு என்று அவருக்கும் அவர் மனைவிக்கும் தெரியாது. அவர்களும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மரியாதை கூடிவிட்டால் என்ன நடக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

வேலிக்கு அங்கால்

அன்றைக்கு இவருக்கு அறுபதாவது பிறந்தநாள். இவர் என்றால் என் கணவர் சிவம். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும்; தெரியாதவர்களுக்கு, டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் என்ற ஊரின் தொழிற்சாலை ஒன்றில் பாதி ஆயுளைக் கழித்தவர், அதிகம் பேசாதவர், பட்டிஸ் என்றால் உயிரை விடுபவர் என்று சொன்னால் போதும்.

எங்கள் வீதியில் எல்லா வீடும் மஞ்சள் செங்கல் வீடுதான். இரவல் காரில் வந்த உறவினர்கள் பலர் பிழையான வாசலில் ஹோர்ன் அடித்திருக்கிறார்கள். அடையாளத்துக்கு நான் எப்போதும் சொல்வது, "லைலாக் மரம் நிக்கிற வீட்டுக்கு அடுத்தது" என்று. லைலாக் மரம் கிர்ஸ்டனுடையது.

கிர்ஸ்டன் தனியாக இருக்கும் முதிய டெனிஷ் பெண். புருசன் செத்துக் கனகாலம். பிள்ளைகள் இல்லை. எங்களுக்கிடையில் ஒரு வேலியும், நாளுக்கு ஒரு "ஹாய்"யும் மட்டும்தான். கோபதாபம் எதுவுமில்லை. இந்த யூலாந்துப் பிரதேச ஆட்கள் அப்படித்தான். வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்பதுபோல இருப்பார்கள்.

அந்தக் கிழமை கிர்ஸ்டன் வேலியடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை மூன்று மணிக்குத் தனக்கு விருந்தினர் வருகிறார்கள், எங்கள் வீட்டுப் பாட்டைக் கொஞ்சம் குறைத்து வைக்க முடியுமா என்று கேட்டார். நான் சம்மதித்தேன். அவர் உடனே போகவில்லை. கேக்குக்கு ஸ்ட்ரோபெரி இப்போதே கடையில் வந்துவிட்டதா என்று கேட்டார். தலைமயிரைப் புதிதாக வெட்டியிருந்தார். இவ்வளவு வருடத்தில் நாங்கள் கதைத்த ஆக நீளமான கதை அது. யார் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. இந்த நாட்டில் அப்படிக் கேட்கக் கூடாது என்று நான் படித்திருந்தேன்.

கொடி

டென்மார்க்கில் சந்தோசம் என்றால் கொடி. பிறந்தநாளுக்குக் கொடி, விமான நிலையத்தில் ஆளை வரவேற்கக் கொடி, கேக்கில் கொடி. ஒரு வீட்டில் பூனையின் பிறந்தநாளுக்குக் கொடி ஏற்றியதையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மகள் நிலானி இங்கே பிறந்தவள். ஓகூஸ் நகரத்தில் வேலை. அப்பாவின் அறுபதுக்கு வாசலிலிருந்து கதவு வரைக்கும் இரண்டு பக்கமும் சின்னக் கொடிகள் நட வேண்டும் என்று சொல்லி, ஒரு பெட்டி அனுப்பிவைத்திருந்தாள். காலையில் நானும் இவரும் குனிந்து குனிந்து நட்டோம். நட்டு முடிய இவர் நாரியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, ராசா வருகிற மாதிரிக் கிடக்கு என்றார்.

பக்கத்து வளவில் கிர்ஸ்டன் தன் உயரமான கம்பத்தில் பெரிய கொடியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

சரியாக மூன்று மணி

நிலானி ஒரு டெனிஷ் பெடியனைக் கலியாணம் செய்யப் போகிறாள். பெயர் யோனாஸ். அவனை எங்களுக்குத் தெரியும். அவனுடைய தாய் தகப்பனை நாங்கள் அதுவரை கண்டதில்லை. அன்றைக்கு அவர்களும் வந்து இவரை வாழ்த்திவிட்டுப் போவார்கள் என்று தொலைபேசியில் சொன்னாள். ஒரு கோப்பி மட்டும்தான், அம்மா, பெரிதாக ஒன்றும் செய்யாதே என்று டெனிஷில் சொன்னாள். நான் உடனே இன்னும் நூறு ரோல்ஸ் உருட்டினேன்.

இந்தக் கலியாணத்தில் பெரியத்தானுக்குச் சம்மதமில்லை. பெரியத்தான் இவருடைய மூத்த அண்ணை, ஹோர்சன்ஸில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் அவர் ஓம் என்று சொல்லாமல் ஒன்றும் நடப்பதில்லை. சொல்லாமல் நடந்தவை பிறகு வருடக்கணக்காகக் கதைக்கப்படும். "சாப்பாட்டிலை ஒட்டாத சனத்தோடை உறவு ஒட்டாது" என்பது அவருடைய கட்சி. நிலானி அதைக் கேட்டு அழுதிருக்கிறாள். ஆகவே அன்றைய நாளில் எனக்குப் பிறந்தநாளைவிடச் சம்பந்திகளைப் பற்றித்தான் நெஞ்சிடி.

அழைப்பு மூன்று மணிக்கு. எங்கள் ஆட்களுக்கு மூன்று மணி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். சரியாக மூன்று மணிக்குக் கதவு மணி அடித்தது. டெனிஷ்காரரைத் தவிர வேறு யாரும் அப்படி அடிக்க மாட்டார்கள்.

திறந்தேன். உயரமான மனிதரும், உருண்டை முகமுள்ள அவர் மனைவியும் கையில் பூங்கொத்தோடு நின்றார்கள். அறுபதைத் தாண்டிய வயது. சப்பாத்தை வெளியிலேயே கழற்றி ஒழுங்காக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. வாருங்கள், உங்களைச் சந்திப்பதில் மிகச் சந்தோசம் என்று டெனிஷில் சொன்னேன். "தாக்" என்றார்கள் இருவரும் மெல்லிய குரலில். வழி சுகமாக இருந்ததா என்று கேட்டேன். "யா, தாக்." நிலானி இன்னும் வரவில்லை என்றேன். "தாக்."

யூலாந்து ஆட்கள்தான், ஐயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் யோனாஸின் பெற்றோர் இல்லை. டேல், மார்ஜி என்ற அமெரிக்கர்கள். கிர்ஸ்டனைத் தேடி மினசோட்டாவிலிருந்து வந்தவர்கள். மார்ஜியின் தகப்பன் கிர்ஸ்டனுடைய தம்பி. "உங்களுக்காகக் கொடி ஏற்றி வைப்பேன்" என்று கிர்ஸ்டன் தொலைபேசியில் சொல்லியிருந்தார். கார் அவர்களைச் சரியாகக் கிர்ஸ்டனின் வாசலில்தான் கொண்டுவந்து விட்டது. இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். கிர்ஸ்டனின் வீட்டு இலக்கத்தை லைலாக் மரம் மறைத்திருந்தது. அவருடைய கொடி வீட்டுக்குப் பின்னால் பறந்தது. பக்கத்து வீட்டில் வாசலிலிருந்து கதவு வரைக்கும் கொடிகள். மார்ஜிக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டதாம்.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் கோப்பிக்குப் போன கதை

இதில் சிரிக்க எனக்கு உரிமை குறைவு. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இவருடைய வேலைத்தலத்து ஆள் ஒருவர் எங்களை ஞாயிற்றுக்கிழமை கோப்பிக்குக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் அப்போது இவருடைய சிநேகிதர்கள் சிலர் தங்கியிருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போவது எப்படி? எல்லோரும் போனோம், அரை மணித்தியாலம் பிந்தி. போனால் மேசையில் கூப்பிட்டவர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு பணிஸ் ரொட்டி, எண்ணி வைத்தது. நின்ற இடத்திலேயே அந்த ஆளின் மனிசி கத்தியை எடுத்து எல்லாப் பணிஸையும் பாதியாக வெட்டினார். நாங்கள் மரியாதைக்கு வேண்டாம் வேண்டாம் என்றோம். எங்கள் ஊரில் மூன்றாம் தரம் கேட்கும்போதுதான் வாங்குவோம். அவர் ஒரு தரம் கேட்டார், சரி என்று சொல்லி எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய்விட்டார்.

பசியோடு வீட்டுக்கு வந்து பருப்பும் சோறும் காய்ச்சிச் சாப்பிட்டோம். அன்றிலிருந்து நான் டெனிஷ் மரியாதைகளைப் படிக்கத் தொடங்கினேன். எதையும் கேட்காதே, தானாகச் சொன்னால் தலையாட்டு. இதுதான் அதன் சுருக்கம்.

மார்ஜியும் டேலும் தங்கள் நாட்டிலிருந்து இதே பாடத்தை என்னைவிட நன்றாகப் படித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

கிருஷ்ணா மாமி

மச்சாள் சந்தனக் கும்பாவை நீட்டினார். டேல் தன் நெற்றியைக் குனிந்து கொடுத்தார். பன்னீர் தெளித்தபோது கண்ணை மூடிக்கொண்டார். மச்சாள் என் காதுக்குள், "நல்ல சனம்" என்றார்.

மார்ஜி உள்ளே சுற்றிப் பார்த்தார். பிறகு மிக மெல்ல, "ஆன்ட் கிர்ஸ்டன்?" என்று கேட்டார்.

மச்சாளுக்குக் கேட்டது ஆன்டி கிருஷ்ணா என்று. "ஓம் ஓம், உள்ளை இருக்கிறா" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கிருஷ்ணா மாமி இவருடைய தகப்பனின் தங்கை. அல்பர்ட்ஸ்லுண்டில் மகனோடு இருக்கிறார். முதல் நாளே காரில் வந்து இறங்கியவர். அன்று மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலை கட்டி, சோபாவின் நடுவில் இருந்தார். காது மெசினைக் கைப்பைக்குள் வைத்திருந்தார். பட்டறி வீணாகும் என்று பாட்டுக்கூத்து உள்ள இடங்களில் அதைப் போட மாட்டார். சம்பந்திப் பெண் வந்திருக்கிறா என்று மச்சாள் கத்திச் சொன்னார்.

மார்ஜி மாமியின் முன்னால் போய் நின்றார். அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. திகைப்பு என்று அப்போது நினைத்தேன். பிறகு அவர் நிமிர்ந்து, புன்னகைத்து, கையை நீட்டினார். மாமிக்குக் கை குலுக்கத் தெரியாது. அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தி, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுக் கொஞ்சினார். மார்ஜி உடைந்து அழத் தொடங்கினார். அதைப் பார்த்து மாமியும் அழுதார்.

"பாவம், பெடியனைப் பெத்தவ. கலியாணம் எண்டால் ஆருக்கும் அழுகை வரும்தானே," என்று மாமி எங்களைப் பார்த்துச் சொன்னார். பிடித்த கையை அவர் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் மார்ஜி மற்றக் கையால் பையைத் திறந்து ஒரு பழைய படத்தை எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படம். டிராக்டரில் சாய்ந்து நிற்கும் ஓர் இளைஞன். "பௌல்" என்றார். மாமி அதைப் பார்த்தார். பழைய படம், செத்த ஆளாகத்தான் இருக்கும், பெடியனின் அப்பப்பாவோ என்னவோ. மாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மார்ஜி இன்னும் அழுதார்.

படம் கைமாறிக் கைமாறி வீடெல்லாம் போனது. யாரோ ஒருவர் அதைச் சாமித்தட்டில், இவருடைய அம்மா அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, டிராக்டர் இளைஞனின் நெற்றியிலும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மார்ஜி அதைக் கண்டபோது வாயைப் பொத்திக்கொண்டார்.

இந்த நேரமெல்லாம் டேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் வைத்ததை மிச்சம் விடக் கூடாது என்பது அவர் படித்த மரியாதை. காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது என்பது மச்சாளுடைய மரியாதை. இரண்டும் ஒன்றையொன்று விடவில்லை.

ஒலிவாங்கி

நாலரைக்கு வீடு நிறைந்துவிட்டது. பெரியத்தான் வந்தார். சம்பந்தியைத் தூரத்திலிருந்து பார்த்தார். பக்கத்தில் போய் இருந்தார். கட்லட் வந்தது, டேல் சாப்பிட்டார். மிளகாய்ச் சம்பல் வந்தது, டேல் சாப்பிட்டார். பெரியத்தான் என்னிடம் வந்து தணிந்த குரலில், "இந்த மனுசனிலை ஒரு குறையும் சொல்லேலாது" என்றார்.

பிறகு ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். ஒலிவாங்கியைக் கண்டால் விடமாட்டார் என்பது எங்களுக்குப் பழக்கம். கிர்ஸ்டனுக்குக் கொடுத்த வாக்கின்படி நான் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். ஆகவே அன்றைய பேச்சு முழுக்க, வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பது போன்ற ஒரு குரலில் நடந்தது.

டெனிஷில் பேசினார். தம்பியின் அறுபதைப் பற்றி இரண்டு வசனம். பிறகு இரண்டு குடும்பங்கள், இரண்டு பண்பாடுகள், ஒரு பந்தி. தனக்குச் சில சந்தேகங்கள் இருந்தன என்றும், இந்த மனிதர் சாப்பிட்டதைப் பார்த்த பிறகு அவை ஒன்றும் மிச்சமில்லை என்றும் சொன்னார். தன் பெறாமகள் நிலானியை இந்தக் குடும்பத்துக்குச் சந்தோசமாகக் கொடுக்கிறேன் என்று சொல்லிக் கும்பிட்டார். சபை கைதட்டியது. டேல் எழும்பி, பெரியத்தானைப் பார்த்து, அவர் கும்பிட்டதுபோலவே கும்பிட்டார்.

ஒலிவாங்கியை அவரிடம் நீட்டினார்கள். அவர் அதை வாங்கி, நெடுநேரம் யோசித்து, "தாக். தாக். தாக்" என்றார். இரண்டு கிழவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். இவர்கூட.

இன்னொரு சோடி

ஐந்து மணிக்கு நிலானி வந்தாள். கூட யோனாஸ். அவர்களுக்குப் பின்னால் வைன் போத்தலோடு ஒரு டெனிஷ் தம்பதி.

"அம்மா, இது யோனாஸின்ரை அப்பா, அம்மா," என்றாள். அவர்களைப் பார்த்துச் சிரித்து, நேரத்தோடு வந்துவிட்டோமா என்று டெனிஷில் கேட்டாள். தமிழர் வீட்டில் மூன்று மணி என்றால் ஐந்துக்குத்தான் வர வேண்டும் என்று அவள்தான் அவர்களுக்குப் படிப்பித்திருந்தாள். அவர்கள் காரை வீதி முனையில் நிறுத்தி, மரியாதைக்காகப் பிந்தியிருந்தார்கள்.

நான் அந்தத் தம்பதியைப் பார்த்தேன். திரும்பிச் சோபாவைப் பார்த்தேன். கிருஷ்ணா மாமி மார்ஜியின் கையைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மார்ஜி கையை அசைக்காமல் இருந்தார்.

"அப்ப இவை ஆர்?" என்று கேட்டேன்.

நிலானிக்குத் தெரியாது. இவருக்குத் தெரியாது. பெரியத்தான் ஒலிவாங்கியோடு அப்படியே நின்றார். யோனாஸின் பெற்றோர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, டேலுக்கும் கை கொடுத்தார்கள். அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை. டெனிஷ்காரர் அல்லவா.

கடைசியில் நிலானிதான் குனிந்து மார்ஜியிடம் ஆங்கிலத்தில், மன்னிக்க வேணும், நீங்கள் யாருடைய ஆட்கள் என்று கேட்டாள். மார்ஜி சிரித்தார். தூங்கும் மாமியைக் காட்டி, நான் இவருடைய தம்பியின் மகள் என்றார்.

நூலகத்து வகுப்பு

பிறகு எல்லாம் வெளியே வந்தது. மார்ஜியின் ஊர் நூலகத்தில் வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்ததாம். அமெரிக்கர் போகும் இடமெல்லாம் சத்தம் போட்டுப் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று ஓய்வுபெற்ற ஓர் அம்மா நடத்தியது. மெல்லப் பேசுங்கள். ஆங்கிலத்தைத் திணிக்காதீர்கள். தொலைபேசியைப் பைக்குள் வையுங்கள். வைத்ததைச் சாப்பிடுங்கள். விளங்காவிட்டால் வீட்டுக்காரரைப் பார்த்து அதையே செய்யுங்கள். கட்டிப்பிடிக்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒருவருடைய நிறத்தையோ உடுப்பையோ பற்றி வாயே திறக்காதீர்கள். நீங்கள் எங்கிருந்து வந்தவர் என்று கேட்கவே கேட்காதீர்கள்.

மாமியைக் கண்டபோது தனக்குத் திகைப்பாகத்தான் இருந்தது என்றார் மார்ஜி. ஆனால் கேட்டால் பிழையாகிவிடும். இருந்து யோசித்தாராம். அப்பா தன் குடும்பத்தைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அதற்குக் காரணம் இதுதானோ என்று நினைத்தாராம். இதை மறைத்தா வாழ்ந்தார் என்று தகப்பன்மேல் கோபமும், இவ்வளவு பெரிய குடும்பம் தனக்கு இருக்கிறதே என்று பெருமையும் ஒன்றாக வந்தனவாம்.

"நீங்கள் எல்லாரும் என்ரை மச்சான் மச்சாள்மார் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்," என்பதுபோல ஏதோ சொன்னார். சொல்லும்போதே குரல் போய்விட்டது.

எனக்கு அப்போதுதான் ஸ்ட்ரோபெரி நினைவு வந்தது. புதிதாக வெட்டிய தலைமயிர் நினைவு வந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். பக்கத்து வளவில் கம்பம் வெறுமையாக நின்றது. பொழுது சாயும்போதுதான் இங்கே கொடியை இறக்குவார்கள்; வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்க, கிர்ஸ்டன் கொடியை இறக்கிவிட்டார்.

மார்ஜியின் தொலைபேசி பைக்குள் சத்தமில்லாமல் பல தரம் அடித்து ஓய்ந்திருந்தது.

அடுத்த வீட்டுக் கதவு

டேலால் எழும்ப முடியவில்லை. அவரை யோனாஸின் தகப்பன் தேசிக்காய்த் தண்ணியோடு பார்த்துக்கொண்டார். நானும் மார்ஜியும் போனோம். கிருஷ்ணா மாமியும் வந்தார். எவ்வளவு விளக்கியும் மாமிக்கு விசயம் ஏறவில்லை; ஏதோ ஒரு வீட்டில் இந்தப் பிள்ளைக்குப் பிரச்சினை என்று மட்டும் விளங்கியிருந்தது. கையை விடவில்லை.

மணி அடித்தேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவு ஒரு சாண் திறந்தது.

கிர்ஸ்டனுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். அன்றைக்கு வரவில்லை. மார்ஜியைப் பாராமல் என்னைப் பார்த்து டெனிஷில் பேசினார். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாராம். கார் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். தன் வீட்டைப் பார்த்தார்கள். பிறகு திரும்பி எங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

"அவளின்ரை அப்பா கப்பலுக்குப் போக முதல் கோப்பிக்கு வாறன் எண்டு சொன்னவன்," என்றார். "கேக் செய்து வைச்சிருந்தன். இதை அவளுக்குச் சொல்லு."

பண்ணையை விற்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை வந்து, தம்பி கோப்பிக்கு வராமலே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருந்தார். நான் மொழிபெயர்த்தேன். வயோதிபர் இல்லத்தில் வேலை செய்யும் எனக்குக் கடினமான வசனங்களை மொழிபெயர்த்துப் பழக்கம்தான். ஆனாலும் இதை நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

மார்ஜி கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அந்த நூலகத்து அம்மா சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உடைத்தார். வீதி முழுக்கக் கேட்கும்படி ஆங்கிலத்தில் அழுதார். கதவைத் தள்ளினார். சப்பாத்தோடு உள்ளே போனார். கேட்காமலே கிர்ஸ்டனைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார். கொடியைப் பார்த்துப் பிழைத்துப்போனேன், உங்களைத்தான் தேடி வந்தேன், உங்களைத்தான், உங்களைத்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கிர்ஸ்டன் விறகுக்கட்டை மாதிரி நின்றார். இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன. கனநேரத்துக்குப் பிறகு ஒரு கை மட்டும் மேலே வந்து, குதிரையைத் தட்டுவதுபோல மார்ஜியின் முதுகில் தட்டியது.

பிறகு என் பக்கம் திரும்பி, அந்த அம்மா யார் என்று மாமியைக் காட்டிக் கேட்டார். இதை எப்படிச் சொல்வது? நீங்கள் வரும்வரைக்கும் இவர்தான் நீங்கள் என்றேன்.

கிஸ்

மேசையில் எல்லாம் அப்படியே இருந்தன. மூன்று பேருக்கு வைத்த மேசை. நீலப் பூப்போட்ட கோப்பைகள். நடுவில் ஸ்ட்ரோபெரி வைத்த அடுக்குக் கேக், கிரீம் கொஞ்சம் சரிந்திருந்தது. கிர்ஸ்டன் நாலாவது கோப்பை கொண்டுவந்து வைத்தார். ஒன்றையும் பாதியாக வெட்டவில்லை.

மாமி முதலில் சாப்பிடத் தொடங்கினார். எங்களுக்கு அதைப் பார்த்துக் கொஞ்சம் இலேசானது.

புறப்படும்போது சாமித்தட்டிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்திருந்த டிராக்டர் படத்தை மார்ஜி எடுத்துக் கொடுத்தார். கிர்ஸ்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தம்பியின் நெற்றியில் இருந்த சந்தனப் பொட்டை விரலால் தொட்டார். இது என்ன என்று கேட்கவில்லை. அழிக்கவும் இல்லை.

கேட்டது வேறொன்று. வீட்டில் அவன் டெனிஷ் பேசினானா என்று கேட்டார்.

இல்லை என்றார் மார்ஜி. ஒரு சொல்லும் பேசியதில்லை. அப்பா அமைதியான ஆள். பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சியது கிடையாது. தோளில் கை போட்டதும் கிடையாது. கடைசிக் காலத்தில்தான் மாறினார். படுக்கையில் விழுந்த பிறகு நினைவு தடுமாறி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "கிஸ், கிஸ்" என்று. முத்தம் கேட்கிறார் என்று நாங்கள் விளங்கிக்கொண்டோம். வாழ்க்கை முழுக்கக் கேட்காததைக் கேட்கிறாரே என்று எல்லோரும் அழுதோம். மாறி மாறிப் போய் நெற்றியில் முத்தம் கொடுத்தோம். பேரப்பிள்ளைகள், மருமக்கள், தாதிமார்கூட. கொடுக்கக் கொடுக்க இன்னும் கேட்டார்.

நான் அதை டெனிஷில் சொல்லி முடித்தேன். கிர்ஸ்டன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கிஸ் எண்டது நான்," என்றார். "சின்னனிலை அவனுக்குக் கிர்ஸ்டன் எண்டு சொல்ல வராது."

மார்ஜிக்கு அதை மொழிபெயர்த்தேன். அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. மாமி இரண்டாம் துண்டுக் கேக்கை எடுத்தார்.

கிர்ஸ்டனின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எழும்பினேன். அழவில்லை. இல்லை, அழுதுகொண்டேதான், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூச்சு வாங்கி வாங்கி, இடையில் என்னைப் பார்த்து, "எல்லாருமா? தாதிமாருமா?" என்று கேட்டார். ஓம், எல்லோரும்தான் என்றேன். "அவனுக்கு அது கொஞ்சமும் பிடிச்சிருக்காது," என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். மார்ஜிக்கு நான் அதைச் சொல்ல, அவரும் வாயைப் பொத்திக்கொண்டு தொடங்கினார். எனக்கும் அடக்க முடியவில்லை.

மாமிக்கு இரண்டு மொழியும் தெரியாது. காது மெசினும் பைக்குள். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த கிரீமைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். எழும்பி, மேசையைச் சுற்றிப் போய், கிர்ஸ்டனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியில் கொஞ்சினார்.

கிர்ஸ்டன் விலகவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மாமி திரும்பி மார்ஜியைப் பார்த்து, "நீயும் வா பிள்ளை," என்றார்.